இருட்டு அறையில் சிவப்புப் பந்து சிவப்பாகத்தான் இருக்கிறதா?

பின்னால் படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஜன்னலே இல்லாத அறையில் ஒரு சிவப்புப் பந்தை வைத்து விளக்கை அணைத்துவிட்டால், அது அப்போதும் சிவப்பாக இருக்கிறதா? “நிறம் பந்தில்தானே இருக்கிறது, எங்கே போய்விடும்?” என்கிறீர்கள் நீங்கள். “வெளிச்சமே இல்லாதபோது நிறம் ஏது, கறுப்புதான்” என்கிறார் உங்கள் நண்பர். கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: நள்ளிரவில் விழித்துப் பார்த்தால் நாற்காலி தெரிகிறது, கொடியில் தொங்கும் சட்டை தெரிகிறது, ஆனால் எல்லாமே சாம்பலாக இருக்கின்றன, ஏன்? இவை இரண்டு கேள்விகள் போலத் தோன்றினாலும் அடியில் ஒரே கேள்விதான். நிறம் எங்கே இருக்கிறது? பொருளிலா, ஒளியிலா, நம்மிடமா? இருபது வருடத்துக்கு மேல் கல்லூரியில் ஒளியியல் ஆய்வகம் நடத்தியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் கண் மருத்துவன் இல்லை. அதனால் உங்கள் கடைசி வரிக்கு, அதாவது “என் நண்பனுக்கு இருட்டில் என்னைவிட நன்றாகத் தெரிகிறதே, எனக்கு ஏதாவது கோளாறா?” என்பதற்கு, ஓரளவுக்கு மேல் என்னால் பதில் சொல்ல முடியாது.

முதலில் பந்து. நிறம் என்ற ஒரே சொல்லை மூன்று தனித்தனி விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம், சண்டை அங்கேதான் தொடங்குகிறது. பந்தின் மேலே ஒரு சாயம் இருக்கிறது. அந்தச் சாயத்தின் மூலக்கூறுகள் குறைந்த அலைநீள ஒளியை விழுங்கிவிட்டு, ஏறக்குறைய 600 நானோமீட்டருக்கு (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) மேற்பட்டதைத் திருப்பி அனுப்புகின்றன. விளக்கை அணைத்தாலும் மூலக்கூறு மாறுவதில்லை. அந்த வகையில் நீங்கள் சொல்வது சரி. அடுத்தது, பந்திலிருந்து கிளம்பி நம் கண்ணுக்கு வரும் ஒளி. அது இருட்டில் கிடையாது. அந்த வகையில் நண்பர் சொல்வது சரி. மூன்றாவது, ‘சிவப்பு’ என்று நாம் உணர்கிற அந்த அனுபவம். அது பந்திலும் இல்லை, ஒளியிலும் இல்லை. ஒளி என்பது மின்காந்த அலை. வானொலி அலையும் எக்ஸ் கதிரும் அதே குடும்பம். அதில் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ள மிகச் சிறிய துண்டு மட்டும் நம் கண்ணில் வேலை செய்கிறது. 650 நானோமீட்டர் அலையில் சிவப்பு என்று எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. முப்பட்டகத்தில் வெள்ளொளியைப் பிரித்துக் காட்டிய நியூட்டனே, கதிர்களுக்கு நிறம் கிடையாது, நிற உணர்வை எழுப்பும் இயல்பு மட்டுமே உண்டு என்று 1704இல் எழுதிவிட்டார்.

நண்பர் சொன்ன ‘கறுப்பு’தான் எனக்கு நெருடுகிறது. முழு இருட்டில் கறுப்பு தெரியாது. வெளிச்சமான பொருட்களுக்கு நடுவே ஓரிடம் மட்டும் ஒளி தராமல் இருந்தால் அதைத்தான் கறுப்பு என்று காண்கிறோம். ஒப்பிட எதுவுமே இல்லாத கும்மிருட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள், கண் முன்னால் ஒருவித அடர்சாம்பல் மெல்ல நுரைத்துக்கொண்டே இருப்பது போல் இருக்கும். ஜெர்மானியர் இதற்கு ‘ஐகன்கிராவ்’, அதாவது ‘சொந்தச் சாம்பல்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பந்தும் அறையும் சுவரும் அந்தச் சாம்பலுக்குள்தான் கிடக்கும். ஆகவே இருட்டில் பந்து கறுப்பு என்பதைவிட, இருட்டில் பந்து தெரியவில்லை என்பதுதான் சரி.

பொருள், ஒளி இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் புரியவைக்க நான் வருடாவருடம் செய்யும் ஒரு வேலை உண்டு. இயற்பியல் ஆய்வகங்களில் நிறமாலைமானிக்குப் பக்கத்தில் ஒரு சோடியம் ஆவி விளக்கு இருக்கும். சுவிட்சைப் போட்டவுடன் அது மஞ்சளாக எரியாது. முதலில் உள்ளே இருக்கும் நியான் வாயு இளஞ்சிவப்பாக மினுங்கும். சில நிமிடங்களில் குழாய் சூடாகி, சோடியம் ஆவியாகி, மெல்ல மஞ்சளுக்கு வரும். அந்த மஞ்சளில் அநேகமாக இரண்டே அலைநீளங்கள்தான் இருக்கின்றன, 589.0 நானோமீட்டரும் 589.6 நானோமீட்டரும். மற்ற விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, மாணவர்களை அவரவர் பேனா, கைக்குட்டை, நோட்டு அட்டை எல்லாவற்றையும் மேசையில் பரப்பச் சொல்வேன். முதலில் சிரிப்பார்கள், பிறகு அமைதியாகிவிடுவார்கள். நீலப் பேனா மூடி கரி போல இருக்கும். சிவப்பு மூடி சேற்று நிறத்தில் கிடக்கும். மஞ்சள் தாளையும் வெள்ளைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்ல முடியாது. பக்கத்தில் நிற்பவனின் உதடும் கன்னமும் ஒரே சாயலில் இருக்கும், பார்க்கச் சகிக்காது. அப்போது ஒருவன் மொபைல் டார்ச்சைப் போடுவான். ஒளி விழுந்த அந்த வட்டத்துக்குள் மட்டும் சிவப்பும் நீலமும் பச்சையும் பளிச்சென்று திரும்பி வரும், வட்டத்தை நகர்த்தினால் நிறமும் கூடவே நகரும். பொருளுக்கு ஒளியில் இல்லாததைத் திருப்பித் தர வழியில்லை. நீலத்தைத் திருப்பி அனுப்பும் மூடிக்கு நீலம் வந்து சேரவே இல்லை என்றால் அது என்ன செய்யும்?

இதுவரை சொன்னதைப் பாடப்புத்தகத்திலும் படித்திருப்பீர்கள். இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதற்கு எல்லோரும் சொல்லும் விடை பாதிதான் சரி. “இரவில் வெளிச்சம் போதாது, அதனால் நிறம் தெரியாது” என்பார்கள். அப்படியானால் நிலவொளியில் நிறம் இல்லையா? நிலவொளி என்பது நிலவின் தரையில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளி, சூரிய ஒளியில் உள்ள அத்தனை அலைநீளங்களும் அதில் உண்டு. சந்தேகம் இருந்தால் முழுநிலவு இரவில் கேமராவை முக்காலியில் நிறுத்தி அரை நிமிடம் திறந்து வைத்துப் படம் எடுங்கள். வானம் நீலமாக, புல் பச்சையாக, ஓடு சிவப்பாக, பட்டப்பகல் போலவே இருக்கும். வானத்தில் நட்சத்திரம் தெரிவதை வைத்துத்தான் அது இரவு என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒளியில் நிறத்துக்குத் தேவையானது எல்லாம் இருந்தது, பொருளும் அதை ஒழுங்காகத் திருப்பி அனுப்பியது, கேமரா அதைப் பிடித்துவிட்டது, நம்மால்தான் முடியவில்லை. குறை நம் கண்ணின் பக்கம் இருக்கிறது. அதைக் குறை என்று சொல்வதும் சரியில்லை, நிறத்தை விட்டுக்கொடுத்துக் கண் வேறொன்றை வாங்கியிருக்கிறது.

கண்ணுக்குள் நுழையும் ஒளியை முன்னால் உள்ள கார்னியாவும் உள்ளே இருக்கும் லென்ஸும் குவித்து, பின்புறம் உள்ள விழித்திரையில் தலைகீழான பிம்பமாக விழச் செய்கின்றன. (வளைக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது கார்னியாதான், பலர் லென்ஸ் என்று நினைக்கிறார்கள்.) விழித்திரையில் ஒளியைப் பிடிக்கும் செல்கள் இரண்டு வகை. குச்சி செல்கள் ஒவ்வொரு கண்ணிலும் சுமார் 9 முதல் 12 கோடி வரை இருக்கின்றன, எண்ணிய முறைக்கு ஏற்ப இந்த எண் மாறும். கூம்பு செல்கள் 50, 60 லட்சம்தான். குச்சி செல் ஒன்றுக்குள் ரோடாப்சின் என்ற நிறமி ஏறக்குறைய 10 கோடி மூலக்கூறுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு மூலக்கூறின் மடியிலும் வைட்டமின் ஏ-யிலிருந்து செய்த ரெட்டினால் என்ற சின்னத் துண்டு வளைந்து உட்கார்ந்திருக்கும். ஒரு ஃபோட்டான், அதாவது ஒளியின் ஒரே ஒரு துகள், வந்து அடித்தால் அந்த வளைவு நிமிர்ந்துவிடும். அதற்கு ஆகும் நேரம் சுமார் 200 ஃபெம்டோ விநாடி, அதாவது ஒரு விநாடியை ஒரு லட்சம் கோடி துண்டுகளாக வெட்டினால் அதில் ஒரு துண்டின் ஐந்தில் ஒரு பங்கு. ‘பார்ப்பது’ என்ற செயலில் ஒளியின் வேலை இந்த நிமிர்வோடு முடிகிறது. அதற்குப் பிறகு எல்லாம் வேதியியலும் மின்சாரமும்.

குச்சி செல்லின் கூர்மை அசாதாரணமானது. ஒற்றை ஃபோட்டானைப் பிடித்தாலே அது சமிக்ஞை கொடுக்கும், இது ஆய்வகத்தில் தனிச் செல்லை எடுத்து அளந்து பார்த்து உறுதியானது. மனிதர்களை வைத்து ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற மூவர் 1942இல் செய்த சோதனை இன்றும் மதிக்கப்படுகிறது. முழுமையாக இருட்டுக்குப் பழகிய கண்ணில் 54 முதல் 148 ஃபோட்டான்கள் விழுந்தால் ‘ஏதோ மின்னியது’ என்று ஆள் சொல்லிவிடுகிறார், அவற்றில் குச்சி செல்களால் உண்மையில் பிடிக்கப்படுபவை 5 முதல் 14 தான் என்று கணக்கிட்டார்கள். ஒரே ஒரு ஃபோட்டானையும் மனிதன் உணர முடியும் என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அதில் சரியான பதில்கள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். முதல் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், மூன்றாவதை இப்போதைக்கு ‘இருக்கலாம்’ என்ற பெட்டியில் போட்டு வையுங்கள்.

சரி, இவ்வளவு கூர்மையான செல்லுக்கு நிறம் ஏன் தெரியவில்லை? இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். யார் அழைத்தார்கள் என்று காட்டாமல், எத்தனை மிஸ்டு கால் வந்தது என்று மட்டும் காட்டும் ஒரு போனைக் கற்பனை செய்யுங்கள். குச்சி செல் அப்படிப்பட்டது. ஒரு ஃபோட்டானைப் பிடித்த பிறகு அது 500 நானோமீட்டரா 600 நானோமீட்டரா என்ற விவரம் எங்கேயும் பதிவாகாது, ரெட்டினால் நிமிர்ந்தது என்பது மட்டுமே மிஞ்சும். அலைநீளம் மாறும்போது பிடிபடும் வாய்ப்பு மாறும், அவ்வளவே. இருட்டுப் பார்வையில் 500க்கு இருக்கும் உணர்திறன் 600க்கு இருப்பதைப் போல ஏறத்தாழ 30 மடங்கு. அதனால் 500இல் ஒரு மங்கலான விளக்கையும், 600இல் அதைவிட 30 மடங்கு சக்தியுள்ள விளக்கையும் மாறி மாறிக் காட்டினால் குச்சி செல் இரண்டுக்கும் ஒரே விடைதான் சொல்லும். ‘நிறம் வேறா, வெளிச்சம் கூடுதலா’ என்று பிரித்துச் சொல்ல அதற்கு வழியே கிடையாது.

இப்போது ஒரு திருத்தம். “குச்சி செல் கறுப்பு வெள்ளைக்கு, கூம்பு செல் நிறத்துக்கு” என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். தேர்வுக்கு அது போதும், புரிந்துகொள்ள அது இடைஞ்சல். ஒரு தனிக் கூம்பு செல்லுக்கும் நிறம் தெரியாது. அதுவும் அதே மிஸ்டு கால் போன்தான். வித்தியாசம், கூம்பு செல்லில் மூன்று வகை இருக்கிறது என்பதில் இருக்கிறது. ஒன்று ஏறத்தாழ 420 நானோமீட்டரிலும், இன்னொன்று 530இலும், மூன்றாவது 560இலும் அதிகம் பிடிக்கும். (மூன்றாவதைச் ‘சிவப்புக் கூம்பு’ என்பார்கள். 560 என்பது சிவப்பே இல்லை, மஞ்சள் கலந்த பச்சை. அந்தப் பெயரை வைத்தவர் மேல் எனக்கு நெடுநாள் கோபம்.) மூன்று போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் எத்தனை மிஸ்டு கால் என்று ஒப்பிட்டால் அழைத்தவரை ஊகித்துவிடலாம் அல்லவா? நிறம் அந்த ஒப்பீட்டில் பிறக்கிறது. ஒப்பிடும் வேலை விழித்திரையின் உட்படலங்களிலேயே தொடங்கி மூளை வரை போகிறது. இரவில் மூன்று வகைக் கூம்புகளும் போதிய ஃபோட்டான் கிடைக்காமல் ஓய்ந்துவிடும், வேலை செய்வது குச்சி செல் ஒன்றே ஒன்று. ஒப்பிட ஆள் இல்லை. எனவே சாம்பல்.

ஒப்பீடுதான் நிறம் என்பதற்கு ஆதாரம் உங்கள் கையிலேயே இருக்கிறது. மொபைல் திரையில் ஒரு மஞ்சள் படத்தைத் திறந்து, விரல் நுனியால் சின்னஞ்சிறு நீர்த்துளி ஒன்றை அதன் மேல் வையுங்கள். துளி உருப்பெருக்கியாக மாறும். அதற்குள் உற்றுப் பார்த்தால் மஞ்சள் இருக்காது, சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் மாறி மாறி எரியும், நீலப் புள்ளி அணைந்திருக்கும். அந்தத் திரை தருவது சிவப்பையும் பச்சையையும்தான், மஞ்சளை நாம்தான் காண்கிறோம். சோடியம் விளக்கின் 589 நானோமீட்டர் மஞ்சளும் இந்தத் திரையின் மஞ்சளும் ஒளியாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ஆனால் 530, 560 கூம்புகளை இரண்டும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் தூண்டுகின்றன, கண் ஏமாந்துவிடுகிறது. காது இப்படி ஏமாறாது. வீணையில் இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டினால் பழகிய காது இரண்டு சுரத்தையும் தனித்தனியே கேட்கும், நடுவில் மூன்றாவதாக ஒரு சுரத்தைக் கேட்காது. கண்ணில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் கலந்தது தெரியாமல் மஞ்சள் என்றுதான் தோன்றும். தொலைக்காட்சி, கணினி, மொபைல் என்று எல்லாத் திரைகளும் மூன்றே மூன்று நிறப் புள்ளிகளை வைத்துக் காலம் தள்ளுவது இந்த ஏமாளித்தனத்தால்தான்.

மூன்று வகை உணர்விகள் இருக்க வேண்டும் என்று 1802இலேயே தாமஸ் யங் ஊகித்துவிட்டார், அப்போது கூம்பு செல்லை யாரும் இந்தக் கோணத்தில் பார்த்ததே இல்லை. 1861இல் மேக்ஸ்வெல் லண்டனில் ஒரு கட்டம் போட்ட ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே தனித்தனியே படமெடுக்கச் செய்து, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வீழ்த்தி வண்ணப் படம் காட்டினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அன்றைய புகைப்படத் தட்டுகள் சிவப்பு ஒளியைப் பதிவு செய்யவே செய்யாது. பிறகு சிவப்பு எப்படி வந்தது? நூறு வருடம் கழித்து ஆராய்ந்தபோது, ரிப்பனின் சிவப்புச் சாயம் புற ஊதாக் கதிரையும் திருப்பி அனுப்பியிருக்கிறது, சிவப்பு வடிகட்டி அதை உள்ளே விட்டிருக்கிறது, தட்டு அதைப் பதிந்திருக்கிறது என்று தெரிந்தது. கோட்பாடு சரி, செய்முறை அதிர்ஷ்டம்.

மறுபடி உங்கள் பந்துக்கு வருவோம். விளக்கைச் சட்டென்று அணைக்காமல் மெல்ல மெல்லக் குறைத்தால் என்ன ஆகும்? பகல் பார்வையில் நம் கண் 555 நானோமீட்டர் பச்சைக்கு அதிகம் மயங்கும். குச்சி செல்கள் பொறுப்பேற்றதும் அந்த உச்சம் 507க்கு, நீலம் கலந்த பச்சைப் பக்கம் நகர்ந்துவிடும். 650 நானோமீட்டர் சிவப்புக்குக் குச்சி செல் அநேகமாகக் குருடு, உச்சத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட உணர்திறன் இல்லை. அதனால் பகலில் சம வெளிச்சமாகத் தெரிந்த சிவப்புப் பந்தும் நீலப் பந்தும் அந்திமங்கலில் பிரிந்துவிடும். நீலம் வெளிறிய சாம்பலாக மிதக்கும், சிவப்பு கறுத்துப்போகும். செம்பருத்திச் செடியைச் சூரியன் மறைந்த பிறகு அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள், இலை தெரியும்போதே பூ முதலில் கறுத்துவிடும். செக் நாட்டவரான புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதைக் கவனித்து எழுதியதால் அவர் பெயரிலேயே இது வழங்குகிறது. ஆக, முழு இருட்டுக்குச் சொல்லாமல் மங்கல் வெளிச்சத்துக்குச் சொல்லியிருந்தால் உங்கள் நண்பரின் ‘கறுப்பு’க்கு நான் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

இருட்டுக்குப் பழகுவது பற்றியும் ஒரு வார்த்தை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனதும் முதல் பத்து நிமிடத்தில் கூம்பு செல்கள் தம்மால் முடிந்தவரை பழகிவிடும். குச்சி செல்கள் நிமிர்ந்த ரெட்டினாலை எல்லாம் மறுபடி வளைத்து அடுக்கி முடிக்க முப்பது, நாற்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை மொபைல் திரையைப் பார்த்தால் பெரும்பாலானது வீண், திரும்ப முதலிலிருந்து. வான்நோக்குபவர்கள் மங்கலான சிவப்பு விளக்கை வைத்துக்கொள்வது குச்சி செல்லுக்கு அந்தச் சிவப்பு தெரியாது என்பதால்தான். விழித்திரையின் நடுவே, நாம் நேராக உற்றுப் பார்க்கும் இடத்தில், குச்சி செல்லே கிடையாது. இரண்டு முழுநிலவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலத்துக்கு இரவில் நமக்கு நட்டநடுவில் ஒரு குருடு இருக்கிறது. மங்கலான நட்சத்திரம் ஒன்றை நேராகப் பார்த்தால் மறையும், சற்று ஓரமாகப் பார்த்தால் தோன்றும். அதே வானத்தில் திருவாதிரை மட்டும் செம்மையாகத் தெரிகிறதே என்று கேட்பீர்கள். அது ஒரே புள்ளியில் அவ்வளவு ஒளியைக் குவிக்கிறது, கூம்பு செல்களை எழுப்ப அது போதும். பக்கத்திலேயே உள்ள ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் படங்களில் ரோஜா நிறத்தில் இருந்தாலும், சிறிய தொலைநோக்கியில் சாம்பல் புகையாகத்தான் தெரியும்.

ஒப்பீடு செல்களோடு நிற்பதில்லை. வெயிலில் ஒரு செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு, அச்சு மை அதில் நூற்றுக்கு ஐந்தைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்தால் 5,000. வீட்டுக்குள் 300 லக்ஸ் வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் நூற்றுக்கு எண்பதைத் திருப்பி அனுப்பினாலும் 240தான். வெயிலில் உள்ள கறுப்பு எழுத்து, அறையில் உள்ள வெள்ளைத் தாளைப் போல இருபது மடங்கு ஒளியை உங்கள் கண்ணுக்கு அனுப்புகிறது. ஆனாலும் எழுத்து கறுப்பு, தாள் வெள்ளை. ‘எவ்வளவு வந்தது’ என்பதை விட்டுவிட்டு, ‘சுற்றி இருப்பதோடு பார்த்தால் எவ்வளவு’ என்று மூளை கேட்கிறது. விளக்கின் நிறத்தையும் அது ஊகித்துக் கழித்துவிடும். 2015இல் இணையத்தையே இரண்டாகப் பிரித்த அந்த உடைப் படம் நினைவிருக்கிறதா? சிலருக்கு நீலமும் கறுப்பும், சிலருக்கு வெள்ளையும் பொன்னும். உடை உண்மையில் நீலமும் கறுப்பும்தான். படத்தில் எந்த விளக்கு இருந்தது என்பதற்கான தடயம் போதாததால் ஒவ்வொரு மூளையும் வேறு வேறு விளக்கை ஊகித்துக் கழித்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். ஒருவர் ஏன் இப்படி ஊகிக்கிறார், இன்னொருவர் ஏன் அப்படி என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

இவ்வளவு படித்த பிறகு யாராவது கட்டாயம் கேட்பார்கள்: “நீங்கள் பார்க்கும் சிவப்பும் நான் பார்க்கும் சிவப்பும் ஒன்றுதானா?” ஓரளவு வரை இதைச் சோதிக்க முடியும். வேதியியலில் அணுக்கொள்கைக்குப் பெயர்போன ஜான் டால்டன், பகலில் தனக்கு நீலமாகத் தெரிந்த ஒரு ஜெரேனியம் பூ மெழுகுவத்தி ஒளியில் சிவப்பாகத் தெரிவதையும், தன் சகோதரரைத் தவிர மற்றவர்களுக்கு அப்படித் தெரியவில்லை என்பதையும் கவனித்தார். 1794இல் அதைப் பற்றி உரையே நிகழ்த்தினார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம், இறந்த பிறகு திறந்து பார்க்கச் சொல்லிவைத்தார். 1844இல் பார்த்தார்கள், தெளிவாகத்தான் இருந்தது. பத்திரப்படுத்தி வைத்திருந்த அந்தக் கண்ணிலிருந்து டிஎன்ஏ எடுத்து 1995இல் சோதித்தபோது, 530 நானோமீட்டர் கூம்புக்கான மரபணு அவரிடம் இல்லை என்று தெரிந்தது. ஆக, இருவருக்கும் எந்தெந்த ஒளிகள் ஒன்றாகத் தெரிகின்றன, எவை வேறாகத் தெரிகின்றன என்பதைச் சோதித்துவிடலாம், காரணத்தை மரபணு வரை தொடரலாம். அதற்கு மேல், அந்தச் சிவப்பு ‘எப்படி இருக்கிறது’ என்பதை ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாற்றிப் பார்க்க இன்றுவரை யாருக்கும் வழி கிடைக்கவில்லை. நரம்பில் ஓடும் மின்துடிப்பு எந்த இடத்தில் ‘சிவப்பு’ ஆகிறது என்பதும் திறந்தே கிடக்கும் கேள்வி. அதைத் தீர்த்துவிட்டோம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

உங்கள் கண் பற்றிய கவலைக்கு வருகிறேன். இரவில் நிறம் தெரியாமல் போவது எல்லோருக்கும் உள்ளது, அது கோளாறு இல்லை. ஒருவர் பத்து நிமிடம் முன்னதாக இருட்டுக்கு வந்திருந்தாலே இருவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியும், வயதும் சேரும். ஆனால் மற்றவர்கள் சாதாரணமாக நடக்கும் மங்கலில் நீங்கள் மட்டும் தடுமாறுகிறீர்கள், அல்லது முன்பு தெரிந்தது இப்போது தெரியவில்லை என்றால் கண் மருத்துவரைப் பாருங்கள். ரெட்டினால் வைட்டமின் ஏ-யிலிருந்து வருவதால் அது குறைந்தால் முதலில் அடிபடுவது இருட்டுப் பார்வை. வேறு காரணங்களும் உண்டு, அவற்றைப் பிரித்தறிவது என் வேலை இல்லை. கேரட் தின்றால் ஆந்தைக் கண் வரும் என்பதை நம்ப வேண்டாம். குறை இருப்பவருக்கு அது நிரவும், குறை இல்லாதவருக்குக் கூட்டாது.

உங்கள் இருவரின் வாக்குவாதத்தைத் தீர்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரே தடிமன் உள்ள சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் அட்டைகளை ஒரே அளவில் வெட்டி, பின்புறம் பெயர் எழுதி, கலைத்து வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடம் இருட்டில் உட்காருங்கள், மொபைலை வெளியே விட்டுவிடுங்கள். பிறகு கதவைக் கீற்றளவு திறந்து, அட்டையின் விளிம்பு மட்டும் தெரியும் அளவுக்கு வெளிச்சம் விடுங்கள். இருவரும் பேசிக்கொள்ளாமல் வெளிறியதிலிருந்து கறுத்தது வரை அட்டைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றும் என்ன நிறம் என்று ஊகித்துச் சொல்லுங்கள். பிறகு விளக்கைப் போட்டுப் புரட்டிப் பாருங்கள். சிவப்பு எந்த முனையில் கிடக்கும் என்று இப்போதே உங்களுக்குத் தெரியும், நண்பரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.